கைநாட்டு மறையாத நகல்



நினைவுப் பேருரை என்றால் கவிதை பற்றியோ, நாவல் பற்றியோ, அண்ணலின் எழுத்துகள் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நாங்கள் எழுத்தாளர்கள் அல்ல. தென்காசி, குற்றாலம், மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்துச் சேரிகளிலும் காலனிகளிலும் வீடு வீடாகப் போய், டிரங்குப் பெட்டியில் கிடக்கிற காகிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். ஒரு ஸ்கேனர், ஒரு பழைய லேப்டாப், இரண்டு ஹார்டு டிஸ்க். இவ்வளவுதான் எங்கள் சொத்து. இலக்கிய மன்றத்தில் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்றே நினைக்கிறோம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19, புதன்கிழமை அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும்வரை வாராவாரம் எழுதினார். அந்த எழுத்து முழுசாக நம் கைக்கு எப்போது வந்தது? 1999இல், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டபோதுதான். இடையில் 85 வருஷம். அவ்வளவு காலமும் அந்த இதழ்களை எந்தப் பல்கலைக்கழகமும் தேடிப் போய்ப் பாதுகாக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கி 1900 வரை நடத்திய ‘பறையன்’ இதழ் அந்த அளவுக்கு நம் கையில் இல்லை. அதற்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை. தலித் இலக்கிய வரலாறு என்று நாம் எழுதுவதில் பாதி, யார் வீட்டுப் பரண் ஒழுகவில்லை என்பதைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. மைக்ரோஃபிலிமில் பதிவு செய்தார்கள், பிறகு கணினிக்கு வந்தார்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றுகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் 2004இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் போன பிறகு, 2005இல் ‘நூலகம்’ திட்டத்தை இளைஞர்கள் ஆரம்பித்தார்கள். எல்லாம் நல்ல வேலை. ஆனால் இவற்றில் பெரும்பங்கு அச்சில் வந்த நூல், இதழ், இல்லாவிட்டால் ஓலைச்சுவடி. நம் பெட்டியில் இருப்பது வேறு. கூலிக் கணக்குச் சீட்டு, கடன் சீட்டு, டி.சி. நிலம் ஒப்படை செய்த ஆணை, இலங்கைத் தோட்டத்திலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களின் குடும்ப அட்டை, ஆரியங்காவு தாண்டி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் எழுதிய கடிதம், கொடை நோட்டீஸ், 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்தபோது கையில் வந்து சேர்ந்த துண்டறிக்கை. இவற்றை எந்த நூலகமும் புத்தகமாக எண்ணுவதில்லை. எண்ணாததால் இவை கணக்கிலேயே வருவதில்லை.

யாருடைய நினைவுக்காக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியர் ஐயா ஒரு காரியம் செய்திருக்கிறார். கைக்கு வந்த எந்த நோட்டீஸையும் அவர் வீசவில்லை. பின்பக்கத்தில் பென்சிலால் தேதி, இடம், அன்றைக்குப் பேசியவர்கள் பெயர், சில சமயம் வந்த கூட்டம் எவ்வளவு என்பது வரைக்கும் குறித்துவைத்திருக்கிறார். அச்சடித்தவன் விட்ட வருஷத்தை அவர் பென்சில் சொல்கிறது. அதனால் எங்கள் முதல் விதி: காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் செய்ய வேண்டும். நம் வீடுகளில் காகிதம் மலிவாக இருந்ததே இல்லை. ஒரு பக்கம் சர்க்காருக்கு என்றால் மறுபக்கம் பலசரக்குக் கணக்குக்கு.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் என்று ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நிற்க இடமில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற அந்த ஈரக்காற்றுதான் காகிதத்துக்கு எமன். ஓட்டு வீட்டில், தரையில் வைத்த தகரப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்காதீர்கள். வெயிலில் காயப் போடவும் கூடாது. காகிதம் வளைந்து முறிந்துபோகும், மை வெளுத்துவிடும். நிழலில், துணி விரித்து, ஃபேன் காற்று நேராகப் படாமல் இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலானவை தாமே விலகும். விலகாததை விட்டுவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைத் தனியாக வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷால் தட்ட வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும். ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் அந்த டேப் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக்கொண்டு போகும்.

இன்னொன்று லேமினேஷன். ரேஷன் கார்டு பத்திரமாக இருக்கட்டும், பட்டா பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து, சூடு போட்டுப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வாங்கிவருகிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், தெரிகிறது. ஆனால் ஒட்டியதை மறுபடி பிரிக்க முடியாது. ஈரத்தோடு ஒட்டினால் உள்ளேயே பூஞ்சணம் வளரும். ஸ்கேன் செய்தால் பிளாஸ்டிக்கின் பளபளப்பு எழுத்தின் மேல் விழும். சும்மா ஒரு கவரில் போட்டு வையுங்கள், போதும்.

இனி ஸ்கேனர். நாங்கள் போகிற வீடுகளில் பாதிப் பேர், “இது ஏற்கெனவே கடையில ஸ்கேன் எடுத்தாச்சு தம்பி, பென் டிரைவுல இருக்கு” என்பார்கள். வாங்கிப் பார்ப்போம். கறுப்பு வெள்ளையில், சின்ன அளவில், வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருக்கும். எழுத்து பளிச்சென்று தெரியும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப அந்த அளவு போதும். அசலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கறுப்பு வெள்ளை முறையில் கணினி ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கிறது: இது கறுப்பா, வெள்ளையா? நடுவில் ஒரு கோடு கிழித்துவைத்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கருமையாக இருந்தால் கறுப்பு. அந்தப் பக்கம் வெளிறியிருந்தால் ஒன்றுமில்லை. கர்ணம் இரும்புப் பேனாவில், நல்ல மையில் எழுதியது கறுப்பாக நிற்கும். முத்திரைத்தாளின் நிறம் போய்விடும். ஊதா நிற ரப்பர் ஸ்டாம்பில் பாதி போய்விடும். ஆசிரியர் ஐயாவின் பென்சில் போய்விடும். கடைசியாக, கீழே இடது ஓரத்தில், ஊதா மையில் மங்கிப்போயிருக்கிற பெருவிரல் ரேகை போய்விடும். எழுதியவர் இருப்பார், சாட்சிக் கையெழுத்துப் போட்ட மணியக்காரர் இருப்பார், ‘இன்னான் கைநாட்டு’ என்று அதைச் சுற்றி எழுதியிருக்கிற எழுத்தும் இருக்கும். நடுவில் வெள்ளை.

நம் பாட்டன் ஒரு காகிதத்தில் வைத்த ஒரே அடையாளம் அது. தற்குறி என்று இன்று வசவாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குக் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் கையால் இடுகிற குறி என்றுதான் அர்த்தம். குறியிட்டவனின் பெயரே வசவாகிப்போனது. மிஞ்சியிருந்த அந்தக் குறியையும் இப்போது ஒரு மென்பொருள் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு துடைக்கிறது. செல்போன் செயலிகள் பலவற்றில் தாளைத் ‘தெளிவாக்கும்’ பொத்தான் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். தாளின் பழுப்பு, மடிப்பு, கறை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காகிதம்.

ஆகவே வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐயில் எடுக்க வேண்டும். கைநாட்டு, முத்திரை, புகைப்படம் இருந்தால் 600. ஏ4 தாளை 300இல் வண்ணத்தில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளி. சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி வரும். அதையே கறுப்பு வெள்ளையில் வைத்தால் சுமார் 1 எம்பிதான். இடம் மிச்சம் என்று தோன்றும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் 26 எம்பிப் பக்கங்கள் சுமார் 38,000 கொள்ளும். நம் காலனி ஒன்றின் மொத்தப் பெட்டிகளையும் கவிழ்த்தாலும் அத்தனை பக்கம் வராது. இதில் சிக்கனம் தேவையில்லை.

அந்த முதல் கோப்பை டிஃப் வடிவில் வைத்துவிட்டு, அதன்மேல் கை வைக்கக் கூடாது. திருப்புவது, ஓரம் வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் இன்னொரு பிரதியில்தான். ‘கிம்ப்’ போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஓரத்தை ஒட்ட வெட்டாமல், தாளின் விளிம்பு நான்கு பக்கமும் தெரிய விட வேண்டும். தாள் முழுசாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். பாதித் தொல்லை தீரும். தைத்த நோட்டை ஸ்கேனர் கண்ணாடியில் குப்புற அழுத்தினால் முதுகு உடையும். அதை மேஜையில் பாதி திறந்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மேலிருந்து நேராகப் போனிலேயே எடுக்கலாம். ஸ்கேனர் இல்லாத குறைக்காக ஒரு நோட்டு அழிய வேண்டியதில்லை.

அதற்கடுத்துப் பெயர் வைப்பதும் பட்டியல் எழுதுவதும். இதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. பழைய பத்திரங்களில் நம்மை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நிலக்காரர் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’. நம் ஆள் எழுபது வயசுக் கிழவராக இருந்தாலும் சாதிப் பெயர், அப்புறம் ‘இன்னான் மகன் இன்னான்’, ‘வாங்கிக்கொண்டான்’. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னார்: “அந்த ஒரு வார்த்தையை மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிருங்கய்யா. பேரப்பிள்ளைக பார்க்க வேண்டாம்.” அழிப்பது இரண்டு நிமிஷ வேலை. அவர் கேட்டதில் இருந்த வேதனை எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்களில் இருவர் அழித்துவிடலாம் என்றே சொன்னார்கள்.

நாங்கள் அழிக்கவில்லை. காரணம் இரண்டு. ஓர் எழுத்தை மாற்றிய ஆவணத்தைப் பிறகு எவனும் நம்ப வேண்டியதில்லை. எதிராளி அதையே காட்டி முழுத்தாளையும் பொய் என்பான். அடுத்தது, அந்தச் சொல்லை எழுதியவனுடைய குற்றத்துக்கு நாம் எதற்குச் சுத்தம் செய்துகொடுக்க வேண்டும்? படத்தில் அது அப்படியே இருக்கட்டும். பட்டியல் நம்முடையது. அதில் ‘ன்’ விகுதி கிடையாது. எல்லாரும் ‘ர்’தான். கைநாட்டு வைத்தவர் பெயர் முதலில் வரும், நிலக்காரர் பெயர் அப்புறம். பெரியவரிடம் இதை எழுதிக் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டு, “சரி, அப்படின்னா என் அய்யா பேரை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதுங்க” என்றார்.

பெயர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குப் பத்திரத்தில் ஒரு சாதிப் பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்று. 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்துக்குப் போனபோது நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. மதம் மாறினால் ஆளின் பெயரும் மாறுகிறது. ஒரே மனிதர் இரண்டு காகிதத்தில் இரண்டு ஆளாக இருக்கிறார். பட்டியலில் எல்லாப் பெயரையும் சேர்த்துக் கட்டாவிட்டால் பேரன் தேடும்போது தாத்தா கிடைக்க மாட்டார்.

ஸ்கேன் செய்துவிட்டால் கணினி தானாகப் படித்துக்கொள்ளாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அச்சு நன்றாக இருந்தால் படிக்கும். ‘டெசராக்ட்’ என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நோட்டீஸ் என்றால் பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களில் தடுமாறும். கர்ணம் கிறுக்கியதை அது படிக்கவே படிக்காது. மனிதர்கள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இப்போது நிலத்துக்கு வருகிறோம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த அரசாணையும், பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிற சுமார் 12 லட்சம் ஏக்கரும் இந்த அவையில் விளக்க வேண்டியவை அல்ல. பத்து வருஷம் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாற்றலாம், மீறினால் செல்லாது. இந்த நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது? ஒப்படை ஆணையில், பழைய ‘ஏ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். அனுபவத்தில் இருந்தவன் பெயர் பல இடங்களில் ஏறியது. பிறகு அந்தப் பதிவேடு கணினிக்குப் போனது. இன்று பட்டாவும் சிட்டாவும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். வசதிதான். ஆனால் இடையில் விடுபட்ட குறிப்பு திரையில் வராது. அலுவலகத்தில் கேட்டால் “கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா இருக்கு” என்று பதில் வரும். கணினி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு எதிராகப் பேச டிரங்குப் பெட்டியில் இருக்கிற அந்தப் பழுப்புத் தாளை விட்டால் நமக்கு வேறு ஆள் இல்லை.

அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: ஸ்கேன் ஆகிவிட்டது என்று அசலை அலட்சியமாக விடாதீர்கள். நீதிமன்றத்தில் அசலுக்குத்தான் முதல் மதிப்பு. கணினிப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவில் சொன்ன சான்று வேண்டும். முன்பு அது 65-பி. ஸ்கேன் எதற்கென்றால், அசல் எங்கே, எப்படி இருந்தது என்று நாளைக்குச் சொல்ல. அதைக் காட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய ‘ஏ’ பதிவேட்டின் நகலைக் கேட்க. அசலை ஒவ்வொரு புரோக்கர் கையிலும் கொடுக்காமலிருக்க. பத்திரம் பதிவானது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். செங்கோட்டைப் பக்கத்துக் காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 1956 நவம்பர் 1 வரை நீங்கள் திருவிதாங்கூரோடு இருந்தீர்கள், கடைசியில் திரு–கொச்சி. உங்கள் தாத்தா பத்திரம் மலையாளத்தில் இருக்கும், வருஷம் கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் 1100 என்றால் 1924 ஆகஸ்டில் தொடங்குகிறது. பட்டியலில் இரண்டு வருஷத்தையும் எழுதுகிறோம். கொல்லம் ஆண்டு திருநெல்வேலிச் சீமைப் பத்திரங்களிலும் உண்டு. 1100 என்று பார்த்து ஆயிரம் வருஷத்துப் பத்திரம் என்று யாரும் பூரித்துப்போக வேண்டாம்.

பெண்கள் பெயரில் காகிதம் இருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றம்தான். பட்டாவில் இல்லை, கடன் சீட்டில் சாட்சியாகக்கூட இல்லை. ஆனால் கடையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு காகிதம் இருக்கிறது: பீடிப் பாஸ் புத்தகம். இத்தனை இலை, இத்தனை தூள் கொடுத்தது, இத்தனை ஆயிரம் பீடி வந்தது, இத்தனை கழிவு போனது என்று நாள்வாரியாக. ஓர் அம்மா அதை எங்களிடம் தரத் தயங்கினார். “இதுல என்னய்யா இருக்கு, வெறும் கணக்கு” என்றார். பக்கம் புரட்டினால் ஒரு வாரம் முழுக்க ஒன்றும் இல்லை. என்ன என்று கேட்டோம். “அது மூத்தவ பொறந்த வாரம்” என்றார். இன்னொரு இடைவெளி மாமியார் இறந்தது. இன்னொரு இடத்தில் கணக்கு இரட்டிப்பாக ஏறியிருக்கிறது. மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட இரவெல்லாம் சுற்றியது. அவர் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தக் குறிப்பு இருக்கிறது. சுயசரிதை எழுத நம் பெண்கள் முன்வருவதில்லை என்று வருத்தப்படுகிற விமர்சகர்கள் இந்தப் பாஸ் புத்தகங்களை ஒருமுறை வாசிக்கலாம்.

இவற்றையெல்லாம் இணையத்தில் போடுவீர்களா என்று கேட்கிறார்கள். அச்சான இதழ், நோட்டீஸ் என்றால், உரியவர்கள் சம்மதித்தால், போடலாம். வீட்டுக் காகிதத்தை மாட்டோம். கடன் சீட்டில் இருக்கிற பெயர்க்காரனின் மகன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான். இன்றைக்கும் அவனிடம்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. குடும்ப அட்டையில், சான்றிதழில் எத்தனையோ எண்கள். ஆகவே ஒரு பிரதி வீட்டாருக்குப் பென் டிரைவில், ஒரு பிரதி எங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் ஒரு தோழர் வீட்டில். இந்தக் குற்றாலத்து ஈரத்தில் இரண்டு டிஸ்க்கையும் ஒரே அலமாரியில் வைப்பது வைக்காமலிருப்பதற்குச் சமம். வீட்டார் வேண்டாம் என்றால் எங்கள் பிரதியையும் அழித்துவிடுவோம். இதுவரை அப்படிக் கேட்டவர்கள் இரண்டு வீட்டார். அழித்தோம்.

சாரல் முடிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கிடைக்கிற காய்ந்த வாரங்கள் குறைவு. அப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மன்றத்திலேயே மேஜை போட்டு உட்காரப்போகிறோம். ஸ்கேனர் ஓட்டப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். எங்களுக்கு இப்போது வேண்டியது தமிழ் எண்களும், மா, காணிக் குறிகளும், கோட்டை, மரக்கால் கணக்கும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள். மலையாளப் பத்திரம் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர். கண் சரியாகத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். படத்தைத் திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக் காட்டலாம். காலை பத்து மணிக்கு வந்தால் போதும், மதியச் சாப்பாடு இங்கேயே.